கிரவுன் பினியன் போச்சு என்றார்கள்: ஓர் அம்பாசடரின் பின்பக்கச் சத்தம்

வண்டி ஹிந்துஸ்தான் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்., பெட்ரோல், 1990களின் பிற்பகுதியில் வந்தது. இசுசுவின் 1,817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட மாடல். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவின் வண்டி இது. வாரத்தில் பாதி நாள் தோப்புக்கும் ஊருக்கும் ஓடும். அவ்வப்போது ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறைக்குப் போகும். உரமூட்டை, தேங்காய், ஆட்கள் என்று பின்பக்கம் எப்போதும் பாரம்தான். ஓடோமீட்டர் நின்று பல வருடமாகிவிட்டதால் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்குக் கணக்கு கிடையாது.

குறை இதுதான். வண்டியை எடுக்கும்போது பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கியர் மாற்றி கிளட்ச்சை விடும்போதும் அதே சத்தம். பிரேக் போட்டு நிற்கும்போது மறுபடியும் ஒன்று. ஓடிக்கொண்டே இருக்கும்போது எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு மேலாக மெல்ல மெல்லக் கூடிவந்தது என்றார் மாமா. பின்சீட்டில் உட்காருகிற அத்தைக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. "சீட்டுக்கு அடியில யாரோ சுத்தியல்ல தட்டற மாதிரி இருக்குது" என்று அவர் சொன்னதுதான், பிறகு பார்த்தால், மிகச் சரியான குறிப்பு.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வண்டியை முதல் கியரில் போட்டு, டயரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டியிருக்கிறார் அங்கிருந்தவர். டயர் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஆட்டம். "பாருங்க, கிரவுன் பினியன் போயிருச்சுங்க. ஹவுசிங்க இறக்கி செட்டு மாத்தணும்" என்று தீர்ப்பு. கிரவுன் பினியன் என்பது பின் ஆக்சிலின் நடுவில், ஹவுசிங் என்கிற கூட்டுக்குள் இருந்து, எஞ்சின் சுற்றைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. பினியன் சிறியது, கிரவுன் பெரியது. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு, நல்ல கிரவுன் பினியன் செட் கடையில் கேட்டதும் கிடைக்கிற பொருள் அல்ல. சென்னை புதுப்பேட்டையில் ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய செட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதுவும் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மாமா முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் என்னிடம் சொன்னார். எனக்குப் பழைய வண்டி வேலை கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். லாரியும் ஜீப்பும் பார்த்துப் பழகியவர். பெரிய பட்டறை கிடையாது, ஆனால் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு நல்ல பிட் (பள்ளம்) உண்டு.

எந்த ஆட்டம், யாருடைய ஆட்டம்

டயரை ஆட்டிப் பார்த்த சோதனை ஏன் ஏமாற்றும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கின் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை விசை போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். கியர்பாக்ஸில் பற்களுக்கு இடையே, அங்கிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான ஷாஃப்ட்டின் சறுக்கு ஸ்ப்ளைனில் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல்வரிசை), அதன் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் யூ ஜாயிண்ட்டிலும், பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவில், திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய பினியன்களில், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனில். ஆக்சிலேட்டரை மிதித்தால் இத்தனை இடைவெளியும் ஒரு பக்கமாக மூடும். காலை எடுத்தால் மறுபக்கமாக மூடும். எங்கே இடைவெளி மிகுந்துவிட்டதோ அங்கே உலோகம் உலோகத்தில் அடிக்கும். அதுதான் 'டொக்'.

முதல் கியரில் போட்டு டயரை ஆட்டும்போது நம் கைக்குத் தெரிவது இவை எல்லாவற்றின் மொத்தக் கூட்டல். கிளட்ச் தட்டில் இருக்கும் ஸ்பிரிங் அமுங்குவது கூட அதில் சேரும். அதோடு, மறு சக்கரம் தரையில் இருக்கும்போது டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்கிறது. ஒரு சக்கரம் நின்றால், தூக்கிய சக்கரம் கிரவுனைவிட இரண்டு மடங்கு திரும்பும். ஆக, பார்க்கிற ஆட்டம் உள்ளதைப் போல இரட்டிப்பு. டயரின் விட்டமும் சுமார் 65 சென்டிமீட்டர். அந்த ஓரத்தில் ஒரு டிகிரி திரும்பினாலே ஆறு மில்லிமீட்டருக்குக் கிட்ட நகரும். ஐந்து சென்டிமீட்டர் ஆடுகிறது என்றால் பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும். கணக்குப் போட்டால் கிரவுன் அளவில் நான்கரை டிகிரிக்குள் அடங்கிவிடும். அதையும் எல்லா இணைப்புகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அதில் கிரவுன் பினியனின் பங்கு எவ்வளவு? நல்ல நிலையில் பற்களுக்கு இடையிலான இடைவெளி பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். கிரவுனின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.2 மில்லிமீட்டர் என்பது டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. சரி, பல் தேய்ந்து அது மூன்று மடங்கானாலும் கிரவுனில் ஒரு டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பின்சீட்டில் இருப்பவரின் முதுகில் தட்டுகிற சத்தம் அதிலிருந்து வருவது கடினம். பற்கள் அந்த அளவுக்குத் தேய்வதற்கு வெகு முன்பே வண்டி ஊளையிட ஆரம்பித்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, எடுத்தால் வேறு சுருதி என்று 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் கேட்கும் அந்த இரைச்சல்தான் கிரவுன் பினியனின் முதல் புகார். மாமாவின் வண்டியில் அந்த இரைச்சல் இல்லவே இல்லை. மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்ன முதல் வார்த்தையே "ஹவுசிங் பேசலயே" என்பதுதான்.

ஓட்டிப் பார்த்தது

பிட்டில் ஏற்றுவதற்கு முன்னால், ஆளில்லாத சமமான ரோட்டில் வண்டியை வெவ்வேறு விதமாக ஓட்டிப் பார்த்தோம். நான் பின்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு.

முதலில் இரண்டாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சத்தம். கூர்மையான, இரும்புச் சத்தம். காலுக்கு அடியில், கொஞ்சம் நடுவிலிருந்து வந்தது.

அடுத்தது நியூட்ரலில் உருட்டி பிரேக். இந்தச் சோதனையை நான் எல்லோருக்கும் சொல்வேன். நியூட்ரலில் இருக்கும்போது ஷாஃப்ட்டில் எந்த விசையும் இல்லை. எஞ்சின் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அப்போதும் பிரேக் போட்டதும் சத்தம் வந்தால் அது யூ ஜாயிண்ட்டோ கிரவுனோ அல்ல. ஆக்சில் வண்டியோடு கட்டப்பட்டிருக்கிற இடத்தில்தான் கோளாறு. சமதளத்தில் மட்டும் செய்ய வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது உயிருக்கு ஆபத்து.

சத்தம் வந்தது. ஆனால் அது முதல் சத்தம் இல்லை. கனமான, மொத்தையான 'டும்'. இடப்பக்கத்திலிருந்து. ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்தியபோது அது இன்னும் தெளிவாகக் கேட்டது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால் தள்ளு முழுக்கப் பின் ஆக்சிலுக்குப் போகிறது. ரிவர்ஸில் கொஞ்சம் போய்ப் பிரேக் போட்டாலும் வந்தது.

கிளட்ச்சை மிதித்துக்கொண்டு வேகத்தடை மேல் மெதுவாக ஏறி இறங்கியபோது எதுவும் இல்லை. ஷாக் அப்சார்பர் புஷ், டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, ஆக்சிலில் இடிக்கும் சைலன்சர் பைப் ஆகிய சில்லறைச் சந்தேகங்களை அங்கேயே விட்டுவிட்டோம். ஸ்டெப்னியை எதற்கும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துத்தான் ஓட்டினோம்.

ஆக, மாமா ஒரு சத்தம் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு. வண்டியை எடுக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் அடித்ததால் ஒன்றாகக் கேட்டிருக்கிறது. பழைய வண்டியில் இதுதான் பெரிய சிக்கல் என்று நான் நினைக்கிறேன். ஒரே குறைக்கு ஒரே காரணம் என்று தேடுகிறோம். இருபது வருடம் ஓடிய வண்டி அப்படி நடந்துகொள்வதில்லை. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றது தொடர்ந்து அடித்தால், செய்த வேலை வீண் என்று முடிவுகட்டி அடுத்த பெரிய பாகத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பிட்டில்

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினோம். இரண்டு பின்சக்கரமும் காற்றில். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதில் மெக்கானிக் அண்ணன் பிடிவாதமானவர். அம்பாசடர் எடை ஒரு டன்னுக்கு மேல்.

ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ஹவுசிங்கின் விகிதம். சாக்பீஸால் ஷாஃப்ட்டில் கோடு போட்டு எண்ணியபோது நான்கைத் தாண்டி நின்றது. இதன் பொருள், சக்கரத்தில் ஒரு டிகிரி ஆட்டம் இருந்தால் பினியன் பக்கம் அது நான்கு மடங்குக்கு மேலாகத் தெரியும். அளப்பதற்கு இந்தப் பெருக்கல் நமக்குச் சாதகம்.

ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, பினியன் ஃபிளேன்ஜை (ஷாஃப்ட் வந்து சேரும் வட்டத் தட்டு) கையால் இரு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். ஃபிளேன்ஜின் ஓரத்தில் ஒரு கோடு, ஹவுசிங் மூக்கில் ஒரு கோடு. பிரேக் ஷூ டிரம்முக்குள் கொஞ்சம் நகரும். அது கணக்கில் சேராமலிருக்க டிரம்மிலும் கோடு போட்டு ஒருவர் கவனிக்க வேண்டும். ஃபிளேன்ஜ் ஓரத்தில் கிடைத்தது சுமார் ஆறு மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபிளேன்ஜில் அது ஏழு டிகிரி போல. கிரவுன் அளவில் ஒன்றரை டிகிரி சொச்சம்.

அந்த ஒன்றரை டிகிரி எங்கே இருக்கிறது? இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டியைக் கியரில் போட்டுப் பினியன் சுற்றாமல் நிறுத்திவிட்டு, இடச்சக்கரத்தை மெதுவாகத் திருப்ப வேண்டும். டிஃபரன்ஷியல் காரணமாக வலச்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். இடச்சக்கரம் நகர்ந்த பிறகு வலச்சக்கரம் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு வெறுமனே போகிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு பினியன்கள், சைடு கியர்கள், ஆக்சில் ஸ்ப்ளைன் ஆகியவற்றின் ஆட்டம்தான். கிரவுன் பல்லின் இடைவெளி அதில் கலந்தாலும் மேலே சொன்ன கணக்குப்படி அது அற்பம். இந்த வண்டியில் மொத்த ஆட்டத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. சிறு பினியன்களின் முதுகில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். வயதுக்கு ஏற்ற தேய்மானம். அவசரம் ஒன்றும் இல்லை. கிரவுன் பினியன் குற்றவாளி அல்ல என்பது இங்கே உறுதியானது.

அப்புறம் ஷாஃப்ட். வண்டியில் இருக்கும்போதே பின் யூ ஜாயிண்ட்டை இரு கையால் முறுக்கிப் பார்த்தால் லேசாகத்தான் ஆடியது. அதை நம்பி விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் ஜாயிண்ட்டின் ஊசி ரோலர்களை மூடியிருக்கும் கப்பின் விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு தூள் ஒட்டியிருந்தது. அது மண் இல்லை. கிரீஸ் இல்லாமல் ஓடிய ஊசி ரோலர்கள் அரைபட்டு வெளியே தள்ளிய துருத்தூள். பொள்ளாச்சிச் செம்மண்ணோடு குழம்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. விரலில் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: மண் வழுக்கும், துரு விரல் ரேகையில் ஏறிக்கொள்ளும்.

கழற்றுவதற்கு முன் ஃபிளேன்ஜிலும் ஷாஃப்ட்டிலும் உளியால் சின்னக் குறி வைத்துக்கொண்டோம். யூ ஜாயிண்ட் வளைந்து சுற்றும்போது மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும் கவைகள் ஒரே தளத்தில் இருந்தால்தான் முன் ஜாயிண்ட் செய்கிற அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் சமன் செய்யும். ஸ்ப்ளைனை ஒரு பல் மாற்றி மாட்டினாலும் வண்டி அதிர ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு பேலன்ஸ் சரியில்லை, டயர் சரியில்லை என்று அலைவார்கள்.

வெளியே எடுத்து, எடை இல்லாமல் ஜாயிண்ட்டை மடக்கிப் பார்த்தபோது எல்லாம் தெளிவானது. முன் ஜாயிண்ட் பட்டுப்போல் மடங்கியது. பின் ஜாயிண்ட் ஓர் அச்சில் நன்றாக மடங்கியது, மற்றதில் நடுவில் வந்ததும் கடித்து நின்றது. ஷாஃப்ட் ஏறக்குறைய நேராகவே ஓடுவதால் ஊசி ரோலர்கள் எப்போதும் ஒரே இடத்தில் சற்றே அசைந்துகொண்டிருக்கும். கிரீஸ் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே குழி விழும். பிரித்துப் பார்த்தால் நான்கு கப்பில் மூன்றில் கிரீஸ் இருந்தது. நான்காவதில் பழுப்புத் தூளும் உடைந்த ஊசிகளும்தான்.

மாமா சர்வீஸுக்கு விடாமல் இருந்தவர் அல்ல. ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். ஆனால் நிப்பிளில் (கிரீஸ் ஏற்றும் சிறு வாய்) அடிக்கிற கிரீஸ் எந்த வழி எளிதோ அந்த வழியில் போகும். ஒரு துளை காய்ந்த கிரீஸால் அடைத்திருந்தால் மற்ற மூன்று வழியாக வெளியே பிதுங்கும், அடிக்கிறவர் போதும் என்று நிறுத்திவிடுவார். நான்கு கப்பின் விளிம்பிலும் புதுக் கிரீஸ் தலைகாட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த ஜாயிண்ட் இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் வருகிறது. ஒரு டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிட வேலை அது.

இடப்பக்க 'டும்'

கூர்மையான சத்தத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று. மொத்தையான சத்தம் மிச்சம்.

அம்பாசடரின் பின் ஆக்சிலைப் பிடித்திருப்பது, வளைந்த பிளேட்டுகளை அடுக்கிய இரண்டு லீஃப் ஸ்பிரிங் மட்டுமே. 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அமைப்பு. தனியாக ஆர்ம் எதுவும் கிடையாது. வண்டியின் எடையைத் தாங்குவது, சக்கரம் தள்ளுகிற தள்ளைப் பாடிக்குக் கொண்டுபோவது, ஹவுசிங் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது, மூன்றும் ஸ்பிரிங் பிளேட்டுகளின் தலையில். ஆக்சிலும் ஸ்பிரிங்கும் சேர்கிற இடத்தில் யூ போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. பிளேட்டுகளை ஒன்றாகக் கோக்கிற சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சில் மேடையில் இருக்கும் ஒரு குழிக்குள் உட்காரும். ஆக்சில் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடையாளம் வைப்பதுதான் அந்தத் தலையின் வேலை. தள்ளைத் தாங்குவது யூ போல்ட்டின் இறுக்கம். யூ போல்ட் தளர்ந்துவிட்டால் முழுத் தள்ளும் அந்தச் சின்னத் தலையின் மேல் விழும். பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற வண்டியில் அது எத்தனை நாள் தாங்கும்?

ஒரு டேப்பை எடுத்து, ஸ்பிரிங்கின் முன் முனை வளையத்திலிருந்து ஆக்சிலின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தோம். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வேறுபட்டது. ஸ்பிரிங்கும் மேடையும் சேரும் விளிம்பில் அழுக்கு இல்லாமல் பளபளவென்று ஒரு கோடு. இரும்பு இரும்போடு உரசுகிற இடத்தில் மட்டும்தான் அப்படி மினுங்கும். வலப்பக்கம் அதே இடத்தில் பழைய எண்ணெயும் புழுதியும் படிந்து கட்டியாக இருந்தது.

ஷாஃப்ட்டைப் புதுப்பித்து மாட்டிய பிறகு, கழற்றுவதற்கு முன்பே இதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று, செல்போனை வெளியிலிருந்து இடப்பக்க ஸ்பிரிங்கை நோக்கித் தரையில் வைத்து வீடியோ எடுத்தோம். வண்டிக்கு அருகிலோ அடியிலோ ஆளில்லை. மெக்கானிக் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓரடி முன்னே, பிரேக், ஓரடி பின்னே, பிரேக். வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது. எடுக்கும்போது ஆக்சில் ஸ்பிரிங்கின் மேல் முன்பக்கம் சறுக்குகிறது. பிரேக் போட்டதும் பின்பக்கம் சறுக்கி யூ போல்ட்டில் இடித்து நிற்கிறது. நியூட்ரலில் கேட்ட 'டும்' அதுதான். மாமா அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லை.

யூ போல்ட்டைக் கழற்றியதும் சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கையில் வந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுத்திருந்தது, பாதி வெள்ளையாக இருந்தது. முதலில் ஒரு விரிசல் விட்டு, வெகுகாலம் அப்படியே ஓடி, மிச்சம் இருந்தது ஒரு நாள் முறிந்திருக்கிறது.

சரிசெய்த விதம்

யூ ஜாயிண்ட் இரண்டையும் மாற்றினோம். முன்னது நன்றாக இருந்தாலும் ஷாஃப்ட் கீழே இறங்கியிருக்கும்போது மாற்றிவிடுவது நல்லது என்பது மெக்கானிக் அண்ணனின் வாதம். எனக்கு முழு உடன்பாடு இல்லை. தேயாத பாகம் தேயாத பாகம்தான். ஆனால் பின்னதைப் போலவே அதுவும் பழையது, உள்ளே துளை அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது என்று அவர் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். கப்புகளைச் சுத்தியலால் அடிக்காமல், வைஸில் பொருத்தமான சாக்கெட் வைத்து அழுத்தியே ஏற்றினோம். அடித்தால் ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்துக்கொள்ளும். கப் முழுதாக இறங்காது, அதைப் பூட்டும் வளையமான சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. அதை இன்னும் அடித்து உட்காரவைத்தால் புது ஜாயிண்ட் அன்றைக்கே பாழ். மாட்டி முடித்ததும் இரண்டு அச்சிலும் கைவிரலால் மடங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் கவையின் காதை லேசாகத் தட்டினால் கப் சற்று வெளியே நகர்ந்து விடுபடும். நிப்பிள் கன் நுழைகிற பக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். கடைசியில் நான்கு கப்பிலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடித்தோம்.

ஸ்பிரிங் வேலைக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பிளேட்டுகள் தங்கள் வளைவால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன. சென்டர் போல்ட்டை அப்படியே விடுவித்தால் தெறிக்கும். இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் பழைய போல்ட்டின் மிச்சத்தை வெளியே எடுத்தோம். பிளேட் எதுவும் உடைந்திருக்கவில்லை. ஆக்சில் மேடையின் குழி சற்று நீள்வட்டமாகியிருந்தது. லேத்தில் ஒரு வளையம் கடைந்து அடைத்துப் புதுப் போல்ட்டின் தலை ஆடாமல் உட்காரும்படி செய்தார்கள். யூ போல்ட்டுகள் நான்குமே புதிது, வலப்பக்கமும் சேர்த்து. இறுக்கி இறுக்கி நீண்டுபோன யூ போல்ட் மறுபடி பிடிப்பு தராது. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகப் படிப்படியாக ஏற்றி, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகு கடைசி இறுக்கம். ஸ்பிரிங்கின் பின் முனையைத் தொங்கவிடும் ஷாக்கிளின் ரப்பர் புஷ்களும் அப்படித்தான்: பாரம் இறங்கி ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்த பிறகு இறுக்கினால்தான் ரப்பர் முறுக்கேறாமல் இருக்கும்.

ஹவுசிங்கைத் திறக்கவில்லை. இந்த ஹவுசிங்கில் கிரவுனைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பக்க டிரம்மும் கழன்று, ஆக்சில் ஷாஃப்ட்டுகள் வெளியே வந்து, கிரவுனும் பினியனும் பொருத்தியிருக்கும் முழுக் கேரியரையும் முன்பக்கமாக இறக்க வேண்டும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று ஓட்டி இணைத்த ஜோடி. வருடக்கணக்கில் பழகி அமைதியாக ஓடும் ஜோடியைக் கலைத்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மின் கணக்கு ஒரு நூல் பிசகினாலும், வாழ்நாள் முழுக்க ஊளைதான். அமைதியான ஹவுசிங்கை ஆட்டத்துக்காக மட்டும் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆயிலை மட்டும் வடித்தோம். ஒரு காந்தத்தை அதில் அளைந்தபோது சாம்பல் நிறச் சேறு ஒட்டியது. அது இயல்பான தேய்மானம். செதில் செதிலாகவோ பல் துண்டாகவோ எதுவும் வரவில்லை. புதிதாக இ.பி. 90 கியர் ஆயில் ஊற்றினோம், நிரப்பும் துளையின் விளிம்பு வரை. அதற்கு மேல் ஊற்றினால் சீல் வழியாக நகர்ந்து பிரேக் ஷூவில் இறங்கும்.

பிறகு

அதே ரோடு, அதே சோதனைகள். இரண்டாவது கியரில் மிதித்து விட்டபோது கூர்மையான சத்தம் இல்லை. நியூட்ரலில் பிரேக், ஹேண்ட் பிரேக், ரிவர்ஸ் எதிலும் 'டும்' இல்லை. முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது மட்டும் மெல்லிய ஒரு 'டிக்' மிச்சம் இருக்கிறது. அது டிஃபரன்ஷியலுக்குள் தேய்ந்த வாஷர்களின் சத்தம். அத்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஆழியாறு வரை போய் வந்தோம். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆன செலவு, பட்டறையில் கேட்ட முன்பணத்தைவிடக் குறைவு.

தோராயமாக 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார்கள். புதுப் போல்ட் எப்போதும் கொஞ்சம் படியும், இந்த முறையும் நட்டுகள் கால் சுற்றுக்குக் கிட்டப் போயின. ஃபிளேன்ஜில் அளந்த ஆறு மில்லிமீட்டரை மாமாவின் சர்வீஸ் நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அதே இடத்தில், அதே விதமாக அளக்க வேண்டும். அது எட்டு, பத்து என்று ஏறினாலோ, வளைவில் திரும்பும்போது மட்டும் 'டிக் டிக்' என்று கேட்க ஆரம்பித்தாலோ ஹவுசிங்கைத் திறந்து வாஷர்களையும் சிறு பினியன்கள் சுற்றுகிற அச்சுக்கம்பியையும் மாற்ற வேண்டியதுதான். சிறு பினியன்கள் தம் அச்சில் சுற்றுவது திருப்பத்தில்தான் என்பதால், தேய்மானம் மிகுந்தால் அங்கேயும் சத்தம் வரத் தொடங்கும். அந்த 40 வளைவுகளில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.